என் சிகிச்சையில் ஊர் கண்ட லாபம்

நான் குடியை விட்டதில் முதலில் லாபம் பார்த்தது என் வீடு இல்லை, என்னோடு வேலை செய்யும் கையாள்கள்தான்.

கன்னியாகுமரிப் பக்கம் கொட்டாரத்தில் சின்னச் சின்ன வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் கொத்தனார் நான். சனிக்கிழமை சம்பளப் பணம் வாங்கியதும் நேரே டாஸ்மாக். மிஞ்சியதைத்தான் அவர்களுக்குப் பிரிப்பேன். கூலி குறைந்தவர் பலசரக்குக் கடைப் பற்றை அடைக்க முடியாது. கடைக்காரர் மொத்தக் கடையில் தவணை சொல்வார். பக்கத்து வீட்டு மாமி, பரீட்சை நேரத்தில் பிள்ளைகளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவார், என் ராத்திரிச் சத்தத்துக்குப் பயந்து. நானோ, ‘என் காசுல குடிக்கேன், ஊருக்கு என்ன?’ என்பேன்.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு மையத்தில் சேர்த்தார்கள். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரேகூடப் போகலாம் என்று அங்கேதான் தெரிந்தது. குடிகாரனை அறையில் பூட்டித் திருத்தப் பார்ப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு மருந்தும் ஊசியும் நடந்தன, அப்புறம் ஆலோசனை. என் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள்.

வெளியே வந்ததும் வேலை கொடுக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லி, கூலியை அவரவர் கையிலேயே கொடுக்க வைத்தேன். என்னை நம்பி இல்லை, நம்பாமல் செய்த ஏற்பாடுதான். ஆனால் கடைப் பற்று அடைந்தது.

இந்தச் சிகிச்சையை ஊருக்குள்ளேயே கொண்டுபோனவர்களும் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்காகத் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, ஊர்க்காரர்களின் துணையோடு அவர்கள் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது. திரும்பி வருபவனுக்கு வேலை கொடுப்பதும், சாயாக்கடையில் அவனைச் சீண்டாமல் விடுவதும் டாக்டர் கையில் இல்லையே.

2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில், மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். வெட்கம் ஒரு காரணம். நான் பார்த்தவரை பெரிய காரணம் கூலி. மையத்தில் படுத்துக் கிடந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. டாஸ்மாக் வருமானத்தைக் கணக்கு வைக்கிற அரசு இந்த அடுப்புக் கணக்கை எழுதுவதில்லை.

ஊர் நிர்வாகம் பார்க்கும் ஊர்வகைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயில் கொடைக்கு வரி பிரிக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கைச் சிகிச்சைக்குப் போகிறவனின் வண்டிக்கூலிக்கும், அந்த நாட்களில் அவன் வீட்டு அரிசிக்கும் ஒதுக்குங்கள். எங்கே சேர்ப்பது என்று கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது.