ரன்வே ஓரத்து வாய்க்கால்

நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்த செஸ்னா 172 மூக்கை மண்ணில் புதைத்தபடியே நின்றது. விபத்து விசாரணைக்காரர்கள் அனுமதிக்கும்வரை நகர்த்தக் கூடாதாம். மகாராஷ்டிரத்தில் விமானிப் பயிற்சி நடக்கும் ஒரு சின்ன விமானத்தளம். தனியாக ஓட்டிவந்த மாணவருக்கு ஒரு கீறலும் இல்லை.

பராமரிப்பு இன்ஜினியர் நம்மூர்க்காரர். "விமானத்த அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல தடத்தப் பாருங்க" என்று ரன்வேக்கு அழைத்துப் போனார்.

சக்கரம் பட்ட இடம் நடுக்கோட்டை ஒட்டியே இருந்தது. இறங்கியதில் குறையில்லை. கொஞ்சம் தள்ளித் தடம் இடப்பக்கம் வளைகிறது. அன்று இடப்பக்கக் காற்று; அது வாலைத் தள்ளினால் மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பும். தரை தொட்டதுமே ரடர் பெடலில் கால் தளர்ந்திருக்கிறது. அப்புறம் பதறிப்போய் வலது பெடலை ஓங்கி மிதித்திருக்கிறார். அதே பெடலின் மேல்விளிம்பில்தான் பிரேக்கும் இருக்கிறது. அங்கிருந்து வலது டயரின் தடம் மட்டும் கன்னங்கரேலென்று, சக்கரம் சுழலாமல் சறுக்கியதற்குச் சாட்சியாக, ரன்வேயின் வலது விளிம்புவரை போகிறது.

விளிம்பைத் தாண்டினால் புல், மழையில் ஊறிய கரிசல் மண், பிறகு ஒரு வடிகால் வாய்க்கால். புல்லில் ஓடிய வரைக்கும் விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாய்க்காலில்தான் முன்சக்கரம் மடங்கி, புரொப்பல்லரின் நுனிகள் பின்னோக்கி வளைந்திருந்தன.

"இன்ஜின் ஸ்டார்ட் ஆனாலும் நம்ப முடியாது சார். பிரிச்சுத்தான் பாக்கணும்" என்றார். புரொப்பல்லர் தரையில் அடித்த இன்ஜினைக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது தயாரிப்பாளரான லைக்காமிங்கின் கட்டளை. உள்ளே கிராங்க் ஷாஃப்டில் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

அங்கே நின்றிருந்த சக மாணவர்கள் எல்லோரும் அந்தப் பையனின் காலைத்தான் குறை சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று. கற்றுக்கொள்பவனின் கால் எப்போதாவது தடுமாறத்தான் செய்யும். அதற்காகவே ரன்வேயின் இருபுறமும் மேடுபள்ளமில்லாத நிலம் விட வேண்டும் என்கிறது சர்வதேச விதி. பயிற்சிக்கென்றே உள்ள தளத்தில், ரன்வேக்கு இத்தனை பக்கத்தில் மூடாத வாய்க்காலை விட்டுவைத்தவர்களைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.