கரையாத நூல்

அணைக்கட்டுப் பக்கம் ஹெர்னியாவை ஹிரண்யா என்பார்கள். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் தெருவுக்கு ஒருத்தராவது தேறுவார். அதனால் சித்தப்பாவை இரண்டாவது தடவை தியேட்டருக்குள் கொண்டுபோனபோது, "ஹிரண்யாதானாம்" என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் நிம்மதியாகப் போனை வைத்தார்கள். கேன்சர் திரும்பி வரவில்லை, அதுபோதும் அவர்களுக்கு.

ஆனால் இது அவர்கள் நினைத்த ஹிரண்யா இல்லை. வெளியே எதுவும் புடைக்காது. வயிற்றுக்குள்ளேயே ஒரு சந்து, அதற்குள் சிறுகுடல் நழுவிப் போய் முறுக்கிக்கொள்கிறது. உள் குடலிறக்கம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சந்து பிறவியில் வந்ததும் இல்லை. பதினாறு மாதம் முன்னால், அவர் உயிரைக் காப்பாற்றிய ஆபரேஷனில் உண்டானது.

சித்தப்பாவுக்கு இரைப்பையின் கீழ்ப்பாதியில் கட்டி. லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னச் சின்ன துளைகள் போட்டு, கேமரா விட்டு எடுத்தார்கள். எடுத்தபிறகு மிச்ச இரைப்பையைக் குடலோடு இணைக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய வழி, சுவிட்சர்லாந்தின் செசார் ரூ என்ற மருத்துவர் பெயரில் உள்ளது. சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, கீழ்முனையை மேலே இழுத்து இரைப்பையோடு சேர்ப்பது. பித்தநீர் வரும் மற்ற முனையைக் கொஞ்சம் கீழே பக்கவாட்டில் இணைப்பது. ஆங்கில 'ஒய்' எழுத்து மாதிரி ஆகிவிடும்.

குடல் வெறும் ஹோஸ் பைப்பாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அது மெசென்டரி என்ற விசிறி போன்ற சவ்வில் தொங்குகிறது. ரத்தக்குழாய்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. குடலை வெட்டினால் விசிறியையும் பிளக்க வேண்டும். கீழே இரண்டு குடல்கள் சேருமிடத்தில் ஒரு இடைவெளி விழுகிறது. மேலே இழுத்த குடலின் சவ்வுக்கும் பெருங்குடலின் சவ்வுக்கும் நடுவே இன்னொன்று. இதற்குப் பீட்டர்சன் இடைவெளி என்று பெயர். இரைப்பையைக் குடலோடு இணைத்தவர்களிடம் இப்படி ஒரு சிக்கல் வருவதை வால்டர் பீட்டர்சன் என்ற ஜெர்மானியர் 1900-லேயே எழுதிவிட்டார்.

நூற்றிருபது வருஷத்துக்கு மேல் தெரிந்த ஒன்று ஏன் இப்போது பெரிய பேச்சாகிறது? வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்த காலத்தில் உள்ளே தழும்புத் திசு ஏகத்துக்கும் உண்டாகும், குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதுவே தொல்லைதான். ஆனால் அந்த ஒட்டல் குடலை அதிகம் அலைய விடாது, சில சந்துகளைத் தானாகவே அடைத்தும்விடும். 1991-இல் ஜப்பானில் கிடானோ குழு இரைப்பைப் புற்றுக்கு லேப்ராஸ்கோப்பியைக் கொண்டுவந்த பிறகு காயம் குறைந்தது, வலி குறைந்தது, ஒட்டலும் குறைந்தது. சந்து திறந்தே கிடந்தது. என் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு பழைய பக்கை நீக்குவோம். அதை நம்பி ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது அடுத்த ரிலீஸில்தான் தெரியும்.

இன்னொன்று எடை. சித்தப்பா எழுபது கிலோவிலிருந்து ஐம்பத்தாறுக்கு வந்திருந்தார். மெலிந்தால் மெசென்டரியின் கொழுப்பும் கரையும், சந்து அகலமாகும்.

முதல் இரண்டு தடவை வலி வந்தபோது பக்கத்து ஊர் கிளினிக்கில் கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். குப்புறக் கவிழ்ந்து படுத்தால் வலி விட்டதால் அவரும் நம்பினார். மூன்றாவது தடவை விடவில்லை. சி.டி. ஸ்கேனில் ரத்தக்குழாய்கள் நீர்ச்சுழி மாதிரி சுற்றியிருந்தன. முறுக்கை எடுத்ததும் குடல் மெல்ல நிறம் திரும்பியது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் குடலை வெட்டி எடுத்திருப்பார்கள்.

சித்தி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷம் அப்பர் தைத்தவள். வார்டு வாசலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இன்னாடா இது, ஓட்டை இருக்குதுன்னு தெரிஞ்சா அப்பவே தச்சி வுட்டிருக்கலாம்ல?"

முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. தைத்தது விட்டுப்போனதா, தைக்கவே இல்லையா, இப்போது சொல்ல முடியாது என்றார் இரண்டாவது டாக்டர். தைப்பதும் சும்மா இல்லை. ஸ்வீடனில் உடல்பருமனுக்கு பைபாஸ் செய்துகொண்ட 2,507 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடத்தி, 2016-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். நோய் வேறு, ஆனால் அதே 'ஒய்' இணைப்பு. மூன்று வருஷத்தில் குடல் அடைத்து மறுபடி ஆபரேஷனுக்குப் போனவர்கள், சந்தைத் தைக்காதவர்களில் 10.2 சதவீதம், தைத்தவர்களில் 5.5. கிட்டத்தட்ட பாதி. ஆனால் முதல் முப்பது நாளில் பெரிய சிக்கல் வந்தது தைத்தவர்களுக்கே கொஞ்சம் அதிகம், 4.3-க்கு 2.8. தையல் இழுத்து, குடல் இணைப்பு மடங்கிப் போனதுதான் முக்கியக் காரணம்.

இதைச் சொன்னதும் சித்திக்கு சட்டென்று புரிந்தது. "டைட்டா இழுத்தா சுருங்கும். கிட்ட கிட்ட குத்தினா தோலு கிழிஞ்சிடும்," என்றாள். பிறகு, நான் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டாள். "எந்த நூலு? கரையுறதா, கரையாததா?"

கரையாத நூல். இரண்டு சந்துகளையும் அதை வைத்துத்தான் மூடியிருக்கிறார்கள். ரத்தக்குழாயைக் குத்திவிடாமல் மேலோட்டமாக, தொடர் தையலாக. என் கருத்து கேட்டால் தைக்கத்தான் வேண்டும். ஸ்வீடன் கணக்கையும் சேர்த்துப் பார்த்தே சொல்கிறேன். தைத்தால்கூட எடை இறங்க இறங்க இடைவெளி மறுபடி திறக்கலாம் என்பதால், பயம் முழுசாகத் தீராது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் நார்மலாகவே இருக்கலாம், வாந்திகூட இல்லாமல் போகலாம். ஆகவே இந்த ஆபரேஷன் ஆனவருக்குத் திடீரென்று பிடித்து முறுக்கும் வலி வந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நான் நாலு வரி டைப் செய்து கொடுத்தேன்: என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த இணைப்பு, கடும் வலி என்றால் உடனே சி.டி. எடுத்து சர்ஜனைக் கூப்பிடவும். சித்தி அதை ரேஷன் கார்டு அளவுக்கு லேமினேட் செய்து, சித்தப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறாள். பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். பின்பக்கம் பால் பாயிண்ட் பேனாவில் அவளே எழுதியிருந்தாள்: "கேஸ் ஊசி போட வேணாம்."