வாவிக்கரையில் ஒரு கூதிர்நாள்

பயணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் தாம் கண்டவற்றையே எழுதுவர். காணாத ஒன்றைப் பற்றி எழுதப் புகும் எனக்கு அவ்வுரிமை உண்டோ என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில், வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு நானும் என் மகளும் ஒருநாட் பயணமாகச் சென்றோம். மலையேறிப் பழகியவர் கேட்டால் நகைக்கத்தக்க எளிய நடை அது. எல்லாமாக ஆறு மைலுக்கு உட்பட்டது. அறுபதைக் கடந்துவிட்ட என் முழங்கால்களைக் கருதி மகள் தெரிந்தெடுத்த வழி. எனினும், அந்த ஆறு மைலை நடந்து முடிக்க எனக்கு முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன என்றே சொல்லவேண்டும். காரணத்தை முதலிற் கூறிவிடுகிறேன்.

என் தந்தையார் வலிகாமத்துக் கிராமமொன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். விடியற் காலையில் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு, கிணற்றடியிற் குளித்து, வெள்ளை வேட்டியும் சட்டையுமாகப் பாடசாலைக்குச் செல்வார். அவர் கைகளில் செம்மண்ணின் நிறம் ஒருபோதும் முற்றாக நீங்கியதில்லை. வேட்ஸ்வேத் என்னும் ஆங்கிலக் கவிஞர் டபடில் மலர்களைப் பற்றிப் பாடிய கவிதையை அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கற்பித்தார். அந்த மலரை அவர் கண்டதில்லை. நான் அவருடைய வகுப்பில் இருந்த ஆண்டில், “அந்தப் பூ எப்படி இருக்கும், சேர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். ஐயா யன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலியோரத்திற் பூவரசுகள் நின்றன. “பூவரசம்பூவைப் போல” என்றார். “மஞ்சள் நிறம். காற்றடித்தால் ஆடும். வேலி முழுவதும் ஒரே நாளிற் பூத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.” அன்று முதல் எங்கள் வகுப்பினர் அனைவருக்கும் இங்கிலாந்தின் ஏரிக்கரை நெடுகப் பூவரசு பூத்திருந்தது.

1979இல் நான் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றேன். அடுத்த ஆண்டு இளவேனிலில், பல்கலைக்கழகப் புற்றரையில் டபடில் மலர்களை முதன்முதலாகக் கண்டேன். முழந்தாள் உயரமும் இல்லாத சிறு செடி. வாள் போன்ற இலை. இதழ்களின் நடுவே குழல் போன்றதொரு மடல். பூவரசுக்கும் அதற்கும் நிறமன்றி வேறு உறவில்லை. அன்றிரவே ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். இளமையும் புதிதாகப் பெற்ற அறிவும் ஒருங்கு சேர்ந்தால் மனிதன் எத்துணை இரக்கமற்றவனாகலாம் என்பதற்கு அக்கடிதம் சான்று. “நீங்கள் படிப்பித்தது முற்றிலும் பிழை, ஐயா. காணாத ஒன்றைக் கண்டது போலச் சொல்லுதல் ஆசிரியருக்குத் தகாது” என்று எழுதியதாக நினைவு. நினைவு என்பது வெறும் உபசாரச் சொல். அவ்வரிகளை நான் மறந்ததேயில்லை.

ஒரு மாதத்தின் பின் நீல நிற விமானத் தபாற் கடிதமொன்று வந்தது. வீட்டுச் செய்திகளெல்லாம் கூறியபின், கடைசியில் இவ்வளவும் இருந்தது: “தம்பி, நீ கண்டது சரியாகவே இருக்கும். இனிமேற் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்கிறேன். ஒரு விஷயம் விசாரித்து எழுது. அந்தப் பூ விதையில் முளைக்கிறதோ, கிழங்கில் முளைக்கிறதோ?” தோட்டக்காரருக்குரிய கேள்வி. பரீட்சை நெருங்கியது, நான் பதில் எழுதவில்லை. பின்னர் எழுதிய கடிதங்களிலும் அதனை மறந்தேன். 1986இல் ஐயா காலமானார். தந்தி என்னை வந்தடைந்தபோது கிரியைகள் முடிந்து மூன்று நாட்களாகியிருந்தன. நாட்டு நிலைமையில் அதன் பின்னரும் செல்ல இயலவில்லை.

நிற்க. மகள் தொழில் புரியும் மஞ்செஸ்ரர் நகரிலிருந்து காலை றெயிலிற் புறப்பட்டு, ஒக்ஸன்ஹோமில் மாறி, விண்டர்மியரில் இறங்கினோம். இந்த இருப்புப்பாதை 1847இல் திறக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1844இல் பத்திரிகைக்கு நீண்ட கடிதங்கள் எழுதியவர் வேறு யாருமல்லர்; வேட்ஸ்வேத்தே. திரள் திரளாக மக்கள் வந்திறங்கினால் மலைநாட்டின் அமைதி கெடும் என்பது அவர் அச்சம். பாதை விண்டர்மியருக்கு அப்பால் இன்றுவரை செல்லவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே அத்திரள் அந்நிலையத்தில் இறங்குகிறது. அதில் நாங்கள் இருவர்.

அங்கிருந்து பஸ் ஏறி, அம்பிள்சைட் என்னும் சிறுபட்டினத்தைக் கடந்து, றைடல் என்னும் சிற்றூரில் இறங்கினோம். றொதே ஆற்றின் பாலத்தைத் தாண்டினால் றைடல் நீர் எனப்படும் வாவியின் தென்கரைப் பாதை தொடங்குகிறது. முக்கால் மைல் நீளமேயுள்ள சிறிய வாவி. எங்கள் குளங்களைக் கண்டு பழகியவருக்கு அதன் பரப்பு வியப்புத் தராது. அதன் அசைவின்மையே வியப்பு. எதிர்க்கரையின் மலையும் மரமும் நீரிலே தலைகீழாகக் கிடந்தன. மலைச்சரிவெங்கும் பன்னச் செடிகள் காய்ந்து துருவேறிய இரும்பின் நிறமடைந்திருந்தன. ஓக் மரங்கள் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக நின்றன.

இலையில் இம்மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று வழியிலே மகளைக் கேட்டேன். அவள் உயிரியல் பயின்றவள். “வாறதில்லை அப்பா, அது முதலே இருந்தது. குளிர் வர மரம் பச்சையத்தை உடைச்சுத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதுவரை பச்சைக்குள்ள மறைஞ்சிருந்த மஞ்சள் பிறகுதான் எங்களுக்குத் தெரியும்” என்றாள். விளக்கம் எளிதாயினும் நெடுநேரம் என்னுள்ளே ஒலித்துக்கொண்டிருந்தது.

‘இலையுதிர்காலம்’ என்பது நம் பாடப்புத்தகங்கள் நமக்குத் தந்த சொல். தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அப்பெயருடையது எதுவுமில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் அவருக்குக் கூதிர். மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிய பொழுதும் அதுவே. அவ்வாறாயின், ஐப்பசி மாதத்தில் மலைச்சாரலில் நனைந்த கல்லின்மேல் நடந்துகொண்டிருந்த நாங்கள், நிலத்தாலும் பொழுதாலும் குறிஞ்சியிலேயே நின்றோம். உரிப்பொருள் மட்டும் பொருந்தவில்லை. குறிஞ்சிக்குரியது கூடல், என் நெஞ்சிலோ பிரிவும் இரங்கலுமே இருந்தன.

பாதையின் இருமருங்கும் கற்சுவர்கள். சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேற் கல்லை வைத்துக் கட்டப்பட்டவை. மலையுச்சிவரை ஏறிச் செல்கின்றன. நெடுந்தீவைக் கண்டவர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். அங்கு முருகைக் கல். இங்கு மலைக் கல். நிலத்திற் கிடக்கும் கல்லைப் பொறுக்கினாலன்றிப் பயிர் செய்யவோ மந்தை மேய்க்கவோ முடியாத இடங்களில், மனிதர் எங்கிருப்பினும் ஒரே முடிவுக்கு வருகின்றனர் போலும்.

சிலேற்றுக் கல் வெட்டிய பழைய குகையொன்றைக் கடந்து சிறிது ஏறினால் லவ்றிக் மலையின் இடைச்சரிவிலுள்ள சமதளப் பாதை. அங்கிருந்து கிறாஸ்மியர் வாவி முழுவதும் தெரிந்தது. நடுவே ஒரு தீவு. அப்பால் தேவாலயக் கோபுரத்தோடு ஊர். அதன் பின்னே மலைகள். வாங்கொன்றில் அமர்ந்து, மகள் கட்டிக்கொண்டு வந்த சம்பல் பாணை உண்டோம். அப்போதுதான் அவள் கேட்டாள்:

“டபடில் பாக்கிறதெண்டால் மார்ச், ஏப்ரலிலயெல்லோ வரவேணும். பூ இல்லாத காலத்தில ஏன் அப்பா வந்தனீங்கள்?”

பூவுள்ள காலத்தில் வர எனக்குத் துணிவில்லை என்பதே உண்மை. முப்பத்தேழு இளவேனில்களில் ஒன்றிலேனும் நான் அப்பக்கம் சென்றதில்லை. அன்று முதன்முறையாகக் கடிதத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் இடையில் ஒன்றும் பேசவில்லை.

மலையிறங்கி வாவியின் மேற்குக் கரையாற் கிறாஸ்மியர் ஊரை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் முழுவதையும் சுற்றிவரத்தக்க சிற்றூர். புனித ஒஸ்வல்ட் தேவாலய முற்றத்தில், ஆற்றோரமாக, யூ மரங்களின் நிழலில் வேட்ஸ்வேத் குடும்பத்தாரின் கல்லறைகள் உள்ளன. அலங்காரம் எதுவுமில்லாத நடுகற்கள். முற்றத்து வாயிலருகே, முன்னொரு காலத்திற் பள்ளிக்கூடமாயிருந்த சிறு கட்டடத்தில், 1854 முதல் இஞ்சிப் பணியாரம் விற்கிறார்கள். வாங்கிக் கடித்தோம், பிஸ்கற்றுக்கும் கேக்குக்கும் இடைப்பட்டதாய், இஞ்சி மணத்தோடு மணல்போல் உதிர்ந்தது. சுக்குக் கோப்பி இல்லாததே குறை.

ஊரின் விளிம்பில் கவிஞர் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த சிறுவீடு நிற்கிறது. அங்கே நின்றபோது, நான் எப்போதோ படித்துப் பயன்படுத்தாது விட்ட செய்தியொன்று நினைவில் எழுந்தது. அவர் அம்மலர்களைக் கண்டது 1802 ஏப்பிரல் 15ஆம் நாள். இவ்விடத்திலன்று, அல்ஸ்வோட்டர் என்னும் வேறோர் ஏரியின் கரையில். உடன் சென்ற தங்கை டொறதி அக்காட்சியைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். கவிதையோ ஏறத்தாழ ஈராண்டுகள் கழிந்தபின் இவ்வீட்டிற் பிறந்தது, அச்சேறியது 1807இல். அதிலுள்ள மிகச் சிறந்த இரு வரிகள் தம் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே பிற்காலத்திற் கூறியிருக்கிறார். ஆக, கண்முன்னே பூவை வைத்துக்கொண்டு அக்கவிதை எழுதப்படவில்லை. எழுதியபோது பூ இல்லை. தங்கையின் குறிப்பும், மனைவியின் வரிகளும், நெஞ்சில் எஞ்சியிருந்த மஞ்சளும் இருந்தன. கவிதையின் முடிவும் அதனையே சொல்லுகிறது: கண்ணெதிரே இல்லாத பூ, தனித்திருக்கும் பொழுதில் உள்ளத்தே மீண்டும் பூக்கிறது.

நான் பட்டங்கள் பெற்றுக் கற்ற கவிதையை, யன்னலுக்கு வெளியே பூவரசைப் பார்த்தவாறு ஐயா என்னினும் நன்றாகக் கற்பித்திருந்தார். பூவின் வடிவத்தில் அவர் பிழைபட்டார் என்பது மெய். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் இல்லாத பூவை நாற்பது பிள்ளைகளின் கண்முன்னே ஆடவைத்தவர் அவர். பூவைக் கண்ட நான் எவர் நெஞ்சிலும் அதனை ஆடவைக்கவில்லை.

திரும்பும் வழி வாவிக்கு வடக்கே மலைச்சரிவினூடாகச் செல்கிறது. ‘பிரேதப் பாதை’ என்பது அதன் பெயர். றைடலிலும் அம்பிள்சைட்டிலும் சவ அடக்கத்துக்கு உரிய நிலம் இல்லாதிருந்த காலத்தில், இறந்தவர்களை இவ்வழியே கிறாஸ்மியர்த் தேவாலயத்துக்குச் சுமந்து வந்தனர். பெட்டியை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக ஆங்காங்கே தட்டையான கற்கள் இடப்பட்டுள்ளன. மகள் வழிகாட்டி நூலைப் பார்த்து இதனைச் சொன்னதும், எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்த சுமைதாங்கிக் கல் என் கண்முன் வந்தது. கருவோடு இறந்த பெண்ணின் நினைவாக நாட்டப்பட்ட அக்கல்லில், சந்தைக்கு வெங்காயக் கடகம் சுமந்து செல்வோர் பாரத்தை இறக்கி மூச்சு விடுவர்.

அப்பாதைக் கல்லொன்றில் அமர்ந்தேன். என் தந்தையின் பாடையை நான் சுமக்கவில்லை. அயலவரும் அவருடைய பழைய மாணவர்களும் சுமந்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். பூவரசை டபடில் என்று நம்பிய பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருப்பர். மகள் சற்றுத் தள்ளி நின்று, என்னைப் பாராதவள் போல வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதை முடியும் இடத்தில், கவிஞர் 1813 முதல் 1850இல் இறக்கும்வரை வாழ்ந்த றைடல் மவுண்ட் என்னும் இல்லம் இருக்கிறது. அதன் கீழே, தேவாலயத்தின் பின்புறமாக, ஒரு சரிவு நிலம். 1847இல் மகள் டோறா காசநோயால் இறந்தபோது, தந்தையும் குடும்பத்தாரும் அவள் நினைவாக அங்கே டபடில் நட்டனர். டோறாவின் நிலம் என்றே இன்றும் அழைக்கிறார்கள். இளவேனிலில் அங்கு பெருங்கூட்டம் கூடுமாம். நாங்கள் சென்றபோது எவருமில்லை. ஓக் இலைகள் நிலத்தை மூடிக் கிடந்தன. பூ மட்டுமன்றி, பூவிருந்ததற்கான அடையாளம்கூட இல்லை.

நடைபாதையின் ஓரத்தில் மழைநீர் மண்ணை அரித்திருந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இஞ்சை பாருங்கோ. வெங்காயம் மாதிரி இருக்கு.”

பழுப்புத் தோல் மூடிய சிறு கிழங்கு. மண்ணிலிருந்து பாதி வெளிப்பட்டிருந்தது. நான் குனிந்து, முழங்கால் வலியைப் பொருட்படுத்தாது நிலத்தில் ஊன்றி, விரல்களால் மண்ணைத் தோண்டி அதனை உள்ளே வைத்து மூடினேன். எவ்வளவு ஆழத்தில் வைக்கவேண்டும் என்பதைக் கைகளே அறிந்திருந்தன. சிறுவயதில் ஐயாவோடு பாத்தியில் வெங்காயம் நட்ட கைகள் அவை. மண் கறுப்பாகவும் குளிராகவும் இருந்தது.

இருள் கவியுமுன் பஸ்ஸைப் பிடித்தோம். றெயிலில் மகள் உறங்கிவிட்டாள். நகங்களின் இடுக்கில் மண் ஒட்டியிருந்தது. நான் அதனைக் கழுவவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத முப்பத்தேழு ஆண்டுகள் என்பது எவ்வகையிலும் மன்னிக்கத்தக்க தாமதமன்று. எனினும், கேட்டவர் ஆசிரியர்; விடை எழுதவேண்டியவன் மாணவன். ஆதலால் எழுதிவைக்கிறேன்: கிழங்கில் முளைக்கிறது, ஐயா. வெங்காயம் போன்ற கிழங்கு. எங்கள் தோட்டத்து மண்ணைப் பற்றி நீங்கள் அறிந்திருந்ததே அதற்கும் போதும்.