ரிபாத்: எல்லையைக் காத்தவர்கள்

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வாழும் நாம், ‘ரிபாத்’ என்றதும் வாளேந்திய வீரரை மட்டுமே எண்ணுகிறோம். இடைக்காலத்தில் எல்லைக் கோட்டைகளில் தங்கி, தொழுகையும் காவலுமாய் வாழ்ந்தோர் முராபித்துகள் எனப்பட்டனர். துனீசியாவின் மொனாஸ்திரில் கி.பி. 796இல் எழுந்த ரிபாத் இன்றும் நிற்கிறது.

நம் தமிழகத்தில், 12ஆம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து வந்து ஷஹீதானதாகச் சொல்லப்படும் சையிது இப்ராஹீம் அவர்கள் ஏர்வாடியில் அடங்கியுள்ளார்கள். அவர்களின் குடும்பப் பெண்களும் கடல் கடந்து உடன் வந்தனர் என்பது மரபு. வீரரின் பெயர் சந்தனக்கூட்டில் ஒலிக்கிறது. அறியாத மண்ணில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குக் கலிமா சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய அத்தாய்மாரை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

சிரமத்திலும் முழுமையாக உளூச் செய்வதும், பள்ளியை நோக்கி மிகுதியாக நடப்பதும், ஒரு தொழுகைக்குப் பின் மறு தொழுகையை எதிர்பார்த்திருப்பதும் ரிபாத்தே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. அவ்வாறாயின், மார்கழிக் குளிரில் உளூச் செய்து சுப்ஹுக்கு வீட்டாரை எழுப்பும் நம் தாய்மாரும் எல்லைக் காவலரே. பிள்ளைகளுக்கு வீரர் வரலாறு சொல்லும்போது, அவர்தம் பாட்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்.