திண்ணைக்கும் பரணுக்கும் நடுவே

என் பேத்தி பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கிறாள். போன வாரம் பேசும்போது, “தாத்தா, ஒரு பூனைக்குட்டியும் கிடைச்சிருக்கு. ரெண்டையும் சேர்த்து வளர்க்கலாமா?” என்று கேட்டாள். வளர்க்கலாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் எனக்கு 11 ஆண்டு அனுபவம் இருக்கிறது. பிள்ளைகளே, அதை உங்களிடமும் சொல்லிவைக்கிறேன்.

நான் பிறந்த வீட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. நாய்க்குத் திண்ணை, அது நிலைப்படி தாண்டாது. பூனைக்குப் பரணும் குதிருக்குப் பின்னால் இருக்கும் இருட்டும். அது பகலில் வாசலுக்கு வராது. இரண்டையும் யாரும் பழக்கவில்லை. வீடு கட்டிய கொத்தனாரே பிரித்து வைத்துவிட்டார். அப்பத்தா நாய்க்குத் தினம் ஒரு கை சோறு வைப்பார். பூனைக்கு மீன் கழுவும் நாளில்தான் பங்கு. மற்ற நாளெல்லாம் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஏற்பாடு அப்பத்தாவைவிடப் பழையது. ஓநாய் வழியில் வந்த நாய், குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனோடு கூடித் திரிந்த இனம். பூனை பிற்பாடு வந்தது. மேற்காசியாவில் உழவு தொடங்கித் தானியம் குவிந்ததும் எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. ஒன்று நம்மை நம்பி வந்தது; மற்றது நம் தானியத்தை நம்பி வந்தது. இதை அறிந்தவர்கள் பூனையை நன்றிகெட்ட பிராணி என்று ஏச மாட்டார்கள். அது நமக்கு எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

இப்போது திண்ணையும் இல்லை, பரணும் இல்லை. ஒரே கூடத்தில் இரண்டும் முகத்தோடு முகம் பார்க்கவேண்டியிருக்கிறது.

எங்கள் நாட்டு நாய் மணிக்கு 2 வயதானபோது, ஐப்பசி மழையில் மோட்டார் ரூமுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. சிட்டு என்று பெயர் வைத்தோம். அன்று மாலையே நான் ஒரு மடமை செய்தேன். குட்டியைக் கையில் ஏந்தி மணியின் மூக்கருகே கொண்டுபோய், “பாருடா, உன் தங்கச்சி” என்றேன். ஒரு நொடிதான். என் முன்கையில் நாலு கோடு, மணியின் மூக்கில் ஒரு கோடு. குட்டி பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கியது. மறுநாள் இரவுவரை ஒரு வாய் பாலோ மீனோ தொடவில்லை. நானோ, குற்றம் செய்யாத நாயைத் திட்டிவிட்டு, பெரிய மனிதனைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உறவை ஊட்டிவிட முடியும் என்று நினைப்பது வயதானவர்களுக்கே உரிய செருக்கு.

கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். பூனை பட்டினி கிடந்தால் அதன் ஈரல் சீக்கிரம் கெட்டுவிடும் என்று முதலில் பயமுறுத்தினார். பிறகு வழி சொன்னார். பூனைக்குத் தனி அறை. நாய் படுத்த துணியைப் பூனையிடமும் பூனை படுத்த துணியை நாயிடமும் போடவேண்டும். மூக்கு முதலில் பழகட்டும், கண் பிறகு பார்க்கட்டும் என்றார். பார்க்கவிடும் நாளிலும் நாய் சங்கிலியில் இருக்கவேண்டும். பூனை ஏறி உட்கார நாய்க்கு எட்டாத உயரத்தில் ஓர் இடம் வேண்டும். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்தேன். என் பழைய தீபாவளி மலர்கள் கட்டிலுக்கு அடியில் போயின.

சண்டைக்குக் காரணம் பகை மட்டுமல்ல, பாஷையும்தான் என்பதை அந்த மாதங்களில் கண்டேன். மணி வாலை ஆட்டினால் பெரும்பாலும் “வா, விளையாடலாம்” என்று பொருள். சிட்டு வாலை விசிறினால் “போதும், விலகு” என்று பொருள். சிட்டு நட்போடு வரும்போது வாலைக் கொடிக்கம்பம்போல நிமிர்த்தி வரும்; வால் நிமிர்ந்த நாயைக் கண்டாலோ மணி உறுமும். சிட்டு மல்லாந்தால் பணிந்துவிட்டது என்று மணி குனியும். நாலு கால் நகமும் அப்போதுதான் வெளியே வரும். பாதி மனத்தாங்கல் இப்படித்தான் விளைகிறது, மனிதர் வீட்டிலும்.

சாப்பாட்டிலும் நான் சறுக்கினேன். மணிக்கு வைத்த தயிர்சோற்றையே சிட்டுவுக்கும் வைத்தேன். நாய் சோற்றைச் செரித்துக்கொள்ளும். பூனை இறைச்சி தின்றே தீரவேண்டிய பிராணி. இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். இனிப்பை நாக்கில் உணரும் திறனே பூனைக்கு இல்லையாம். பொங்கலன்று மணி சர்க்கரைப் பொங்கலுக்கு ஏங்கிக் கிடக்க, சிட்டு முகர்ந்துவிட்டு நடந்ததன் காரணம் அன்று விளங்கியது. இன்னொன்றையும் மறவாதீர்கள்: காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரை போதும், உயிர் போய்விடும்.

பேத்திக்கு ஒரு தனி எச்சரிக்கை. சிப்பிப்பாறை முயல் துரத்த வளர்த்த இனம். ஓடுவதைக் கண்டால் அதன் கால் தானாக எழும். அதைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் அவளுக்கு வயது துணை நிற்கிறது. நாய்க்குட்டி பிறந்த 3 முதல் 14 வாரம் வரையிலும், பூனைக்குட்டி 2 முதல் 7 வாரம் வரையிலும் கண்டதை எளிதில் குடும்பமாக ஏற்றுக்கொள்ளும். அந்தப் பருவத்தில் பழகியது பெரும்பாலும் நிலைக்கும். இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம், சொல்லிவிட்டேன்.

எங்களுக்கோ 8 மாதம் ஆயிற்று. ஒருநாள் மணி கூடத்தில் படுத்திருக்க, சிட்டு அலமாரியிலிருந்து இறங்கி, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து தன் காலை நக்கியது. அவ்வளவுதான். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அந்த இரண்டு முழம் ஒரு முழமாக இன்னொரு மழைக்காலம் பிடித்தது. அதற்குமேல் குறையவே இல்லை. கட்டிப்பிடித்து உறங்கும் நாயும் பூனையும் படங்களில் உண்டு. எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் அதை எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டோம்.

மணிக்கு இப்போது 13 வயது. காது சுத்தமாகக் கேட்பதில்லை; தட்டை உருட்டினாலும் திரும்பாது. சிட்டுவின் காது இன்னும் கூர்மை. விடிகாலையில் தெருமுனையில் பால்காரர் சைக்கிள் திரும்பியதுமே அதன் இரண்டு காதும் வாசல் பக்கம் மடங்கும். ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கும் மணி, வாசலைப் பார்ப்பதில்லை; சிட்டுவின் காதைப் பார்க்கிறது. காது திரும்பியதும் எழுந்து நின்று குரைக்கிறது.

“இந்த வயசுலயும் என்னா காது சார் இதுக்கு!” என்கிறார் பால்காரர். நான் பாத்திரத்தை நீட்டுகிறேன்.