வார்ப்புருவும் உறுமியும்

ஒலிக்கலவைக்கான வார்ப்புரு என்ற சொல் இலக்கிய வாசகருக்கு அந்நியமாகப் படலாம். யாப்பு அறிந்தவருக்கு அது புதிதன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் அமையும் என்பது பாடல் பிறக்குமுன்பே முடிவானது. புலவர் அதைப் பற்றி ஒவ்வொரு முறையும் யோசிப்பதில்லை. மின்னணு இசை செய்பவர் கணினியில் சேமித்துவைக்கும் வார்ப்புருவும் அத்தகையதே.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் மாரண்டஹள்ளியில், நண்பர்கள் நால்வர் இம்முயற்சியில் இருக்கிறோம். சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் பதிவுசெய்த பறை, பம்பை, உறுமி ஆகியவற்றைச் சிந்தசைசர் ஒலிகளோடு இணைப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு பாடலுக்கும் தடங்களுக்குப் பெயரிட்டு, நிறமிட்டு, இணைப்புகள் கொடுப்பதிலேயே முதல் மாலை கழிந்துவிடும். மனத்தில் எழுந்த மெட்டு அதுவரை காத்திருக்காது. ஆகவே ரீப்பர் மென்பொருளில் ஒரு வார்ப்புரு அமைத்தோம்.

அதன் அமைப்பு எளிது. பதிவு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட். தோற்கருவி, பாஸ், சிந்த், குரல், சூழலொலி என ஐந்து குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பஸ். எல்லாத் தடங்களுக்கும் பொதுவாக இரண்டு ரிவெர்ப்கள், ஒன்று குறுகியது, மற்றது நீண்டது. வெவ்வேறு இடங்களில் பதிவான ஒலிகள் ஒரே வெளியில் நிற்பதுபோல் தோன்றுவது இந்தப் பகிர்வினால்தான். ஒவ்வொரு தடத்தின் சராசரி அளவும் டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே நிற்கும். பல தடங்கள் சேரும்போது மாஸ்டர் பிளிறாது. எதிரொலியின் இடைவெளிக்கு 60,000-ஐப் பாடலின் வேகத்தால் வகுத்தால் போதும்: நிமிடத்துக்கு 120 தட்டு எனில் 500 மில்லிநொடி.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. திருவிழா வாசிப்புக்கு நிலையான வேகம் கிடையாது. அம்மன் ஊர்வலம் சூடேறச் சூடேறப் பம்பையும் விரையும். சரண்ஜித் சிங் 1982-ல் டிஆர்-808, டிபி-303 கருவிகளோடு ராகங்களை வாசித்தபோது, இயந்திரத்தின் தாளத்துக்குத் தாமே இசைந்து வாசித்தார். எங்கள் கலைஞர்கள் வாசித்தது சாமிக்கு. அவர்களின் அடிகளைக் கணினியின் கட்டங்களுக்குள் இழுத்துப் பொருத்தினால் ஊர்வலம் நின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல் வடிகட்டி. இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்கள் பலவற்றில், கிக், பாஸ் தவிர்த்த தடங்கள் அனைத்திலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை நீக்கும் வடிகட்டி முன்கூட்டியே இயங்கும். கிட்டாருக்கு அது நன்மை. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும்போது எழுகிற உறுமியின் முனகலுக்கோ, வயிறே போய்விடுகிறது.

இது வெறும் தொழில்நுட்பக் குறையன்று. இக்கலைஞர்களின் பிள்ளைகள் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள். நாளை ஒரு குழந்தை உறுமியை முதன்முதலில் ஒலிப்பதிவில்தான் கேட்கக்கூடும். மெலிந்த ஒலியைக் கேட்டால், அதையே உறுமி என்று நம்பும்.

பறையைத் தீயில் காய்ச்சுவதைக் கண்டவர்கள் அறிவார்கள். தீ மூட்டுவது என்றும் மாறாத வழக்கம். எவ்வளவு நேரம் காய்ச்சுவது என்பதை அன்றைய பனியும் தோலின் தளர்ச்சியும் தீர்மானிக்கும். விரலால் தட்டிப் பார்த்த பிறகே முடிவு.

எங்கள் வார்ப்புருவிலும் அப்படியே செய்திருக்கிறோம். வடிகட்டிகள் உண்டு, ஆனால் அணைந்த நிலையில். வேகத்துக்கான தடம் காலியாக இருக்கும். வாசிப்பைக் கேட்டு அடியடியாகக் குறிப்போம். எல்லாவற்றுக்கும் மேலே, கைபடாத மூலப் பதிவுக்கென ஒரு தடம்; அதன் குறிப்பில் ஊர், நாள், வாசித்தவர்களின் பெயர்கள். எந்தப் பாடலானாலும் அதை முழுதாக ஒருமுறை கேட்ட பிறகே மற்றத் தடங்களைத் திறக்கிறோம்.