ஒசாகாவில் தலைக்கு எவ்வளவு?

தோக்கியோவா ஒசாகாவா என்று வீட்டில் நடந்த பட்டிமன்றம் முடிந்தது. ஒசாகா. கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து கான்சாய் விமான நிலையம். கியோத்தோ, கோபே, நாரா மூன்றும் ஒசாகாவிலிருந்து ஒரு மணி நேர ரயிலுக்குள் அடங்கிவிடும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஊர் ரூம் மாற்ற வேண்டாம். சிக்கனம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

•

போகிறவர்கள்: நான், அவர், நாலாம் வகுப்புப் படிக்கும் மகன், அத்தை. அத்தைக்கு மூட்டு வலி. இனி எழுதப்போகும் எல்லாக் கணக்கும் அந்த மூட்டைச் சுற்றித்தான்.

•

பழனிக் கணக்கை மறக்க வேண்டும். எங்களைப் போன்ற உடுமலைக்காரர்களுக்கு ரூம் என்றால் தைப்பூசத்துப் பழனிதான் அளவுகோல். கட்டிலில் இரண்டு பேர், கீழே பாய் விரித்தால் ஆறு பேர், வராண்டாவில் பையோடு இரண்டு பேர். வாடகை ரூமுக்கு. யார் எத்தனை பேர் படுத்தார்கள் என்று லாட்ஜ்காரர் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜப்பானில் பெரும்பாலும் தலைக்குத்தான் வாடகை. முன்பதிவின்போது ஆள் எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக்கினால் அதே அறைக்கு விலை ஏறுகிறது, அல்லது அறையே பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. "ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டுக் குடுங்க" என்று ரிசப்ஷனில் நின்று கேட்கிற பழக்கம் அங்கே எடுபடாது. 1948இல் வந்த விடுதித் தொழில் சட்டப்படி தங்கும் ஒவ்வொருவரும் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்நாட்டில் முகவரி இல்லாத வெளிநாட்டுக்காரர் என்றால் நாட்டின் பெயர், பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட் நகல் எல்லாம் வாங்கி வைப்பார்கள்.

இதை அத்தையிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தலைக்குக் காசுன்னா தலவாணி ஆளுக்கொண்ணு குடுப்பாங்கல்லோ கண்ணு?" என்றார். கொடுப்பார்கள்.

•

பிசினஸ் ஹோட்டல். விற்பனைப் பிரதிநிதிகளுக்காக வளர்ந்த வகை. தோயோகோ இன் 1986இல் தொடங்கியது. சூப்பர் ஹோட்டல், டார்மி இன், அபா என்று இன்று பெரிய ரயில் நிலையம்தோறும் ஒன்றாவது இருக்கும். ஒற்றை அறை பொதுவாக 11 முதல் 13 சதுர மீட்டர், நம் கணக்கில் 120, 140 சதுர அடி. ஒரு பெட்டியைத் திறந்தால் அடுத்ததை மூட வேண்டும். "செமி டபுள்" என்று போட்டிருந்தால் 120 சென்டிமீட்டர் அகலக் கட்டிலில் இரண்டு பேர் என்று பொருள். கணவன் மனைவிக்குள் சண்டை இல்லாத நாளில் மட்டும் எடுக்கலாம்.

அறை மதியம் மூன்று, நான்கு மணிக்குத்தான் கையில் வரும். காலை பத்துக்குக் காலி செய்ய வேண்டும். நம் ஊர் லாட்ஜில் உள்ளே போன மணியிலிருந்து இருபத்துநாலு மணி நேரம் எண்ணுகிற வழக்கம் அங்கே கிடையாது. பெட்டியை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

•

குளியலறை பற்றித் தனியாக. பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரே பெட்டிக்குள் தொட்டி, வாஷ்பேசின், கழிப்பறை மூன்றும். இதற்கு ஒரு கதை உண்டு. 1964 தோக்கியோ ஒலிம்பிக்குக்குள் நியூ ஒத்தானி ஹோட்டலை முடித்தாக வேண்டும். ஆயிரத்துக்கு மேல் அறைகள். ஒவ்வொரு குளியலறையாக ஓடு பதித்துக்கொண்டிருந்தால் ஒலிம்பிக்கே முடிந்துவிடும். தோட்டோ நிறுவனம் தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தது. அன்று நட்சத்திர ஹோட்டலின் அவசரத்துக்கு வந்த ஏற்பாடு இன்று மலிவு விடுதியின் அடையாளம்.

அத்தைக்கான சிக்கல்: இந்தப் பெட்டிக் குளியலறை தரையைவிட ஒரு படி உயரத்தில் இருக்கும். உள்ளே தொட்டியின் விளிம்பைத் தாண்டி இறங்கித்தான் குளிக்க வேண்டும். விலையும் மதிப்பெண்ணும் இதைச் சொல்லாது. படத்தைப் பெரிதாக்கி வாசற்படியைப் பார்க்க வேண்டும்.

அத்தையின் உண்மையான கவலை வேறு. "அங்கெல்லாம் காயிதந்தானாமே, தண்ணி இருக்குமா?" இருக்கிறது. அதே தோட்டோ 1980இல் கொண்டுவந்த வாஷ்லெட், பொத்தானை அழுத்தினால் வெந்நீரே பீய்ச்சும். மலிவு விடுதியிலும் அநேகமாக உண்டு.

•

கேப்சூல். எங்களுக்கு இல்லை, ஆனால் ஒசாகாவின் சொந்தச் சரக்கு என்பதால் குறித்துக்கொள்கிறேன். உலகின் முதல் கேப்சூல் ஹோட்டல் 1979இல் உமேதாவில் திறந்தது. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. 1970 ஒசாகா எக்ஸ்போவில் அறைகளைப் பெட்டிகளாக அடுக்கிக் காட்டியவர், 1972இல் தோக்கியோவில் நகாகின் கேப்சூல் டவர் கட்டியவர். டவரை 2022இல் பிரித்துவிட்டார்கள். உமேதாவில் படுத்தவர்கள் கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலகத்துக்காரர்கள். ஆள் நீளத்துக்கு ஒரு பொந்து, வாசலில் பூட்டு இல்லை, திரை மட்டும். ஆண்களுக்குத் தனித் தளம், பெண்களுக்குத் தனித் தளம்; சில இடங்களில் ஆண்கள் மட்டும். குடும்பத்துக்கு ஒத்துவராது. கல்லூரி முடித்துத் தனியாகப் போகிற பையனுக்கு மூவாயிரம், நாலாயிரம் யென்னில் ஓர் இரவு.

•

ஷின்-இமாமியா. விலைவாரியாகப் பட்டியல் போட்டால் முதல் பக்கம் முழுக்க இந்த ஒரு ரயில் நிலையத்தைச் சுற்றித்தான் வருகிறது. ஏன் இவ்வளவு மலிவு?

தெற்கே இறங்கினால் நிஷினாரி வட்டாரம்; கமகசாக்கி என்பது பழைய பெயர், அரசு வைத்த பெயர் ஐரின். ஜப்பானின் மிகப் பெரிய தினக்கூலிச் சந்தை இது. 1970 எக்ஸ்போவின் கட்டுமானத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து தனியாள்களாக வந்து குவிந்தார்கள். காலையில் ஆள் பிடிக்கும் இடம், இரவில் மூன்று பாய் அளவுள்ள அறை. ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. 1990களில் பொருளாதாரம் சரிந்து கட்டட வேலை வற்றியது. வந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. காலியான அறைகளில் சில, அரசு உதவித்தொகையில் வாழும் முதியவர்களின் குடியிருப்பாயின. சில, முதுகுப்பையோடு வரும் வெளிநாட்டு இளைஞர்களின் விடுதியாயின. 1970இல் கட்டிய தொழிலாளர் மையத்தை 2019இல் மூடினார்கள். 2022இல் அதே ரயில் நிலையத்தின் மறுபக்கம் ஹோஷினோ நிறுவனத்தின் பெரிய ஹோட்டல் திறந்தது.

இங்கே உட்கார்ந்து இதைப் படிக்கும்போது திருப்பூர் லைன் வீடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பத்துக்குப் பத்தில் மாறி மாறித் தூங்குகிறார்கள். நமக்கு "மலிவு" என்று கண்ணில் படுவது இன்னொருவர் பிழைப்புக்காகக் கட்டிய அறை. அதனால் அங்கே தங்கக் கூடாது என்றில்லை. வேடிக்கை பார்க்கப் போவதுபோல் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருந்தால் போதும்.

இடமாக எடுத்துக்கொண்டால் அருமையான இடம். விமான நிலையத்திலிருந்து நான்காய் ரயிலும் வருகிறது, ஜேஆர் ரயிலும் வருகிறது. பக்கத்திலேயே மிதோசுஜி சுரங்க ரயில். 1933இல் ஓடத் தொடங்கிய தடம், நம்பா, உமேதா, ஷின்-ஒசாகா எல்லாம் அதில்தான். ஆனால் மூன்று பாய் அறை ஒருவருக்கானது, குளியலறை பொது. நாலு பேருக்கு ஆகாது.

•

தேதி விலையை ஆட்டுகிறது. ஒரே அறை செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை கிட்டத்தட்ட இரட்டிப்பு.

மகனின் கோடை விடுமுறை: ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை அங்கே கோல்டன் வீக், நாடே பயணத்தில் இருக்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம்: செர்ரிப் பூ. ஆகஸ்ட் நடு: ஒபோன், முன்னோரைக் கும்பிட ஊருக்குப் போகிறவர்கள். அரையாண்டு விடுமுறை: புத்தாண்டில் முட்டுகிறது. ஜூன் மலிவு, அங்கே மழைக்காலம், இங்கே பள்ளி திறந்திருக்கும். மிஞ்சுவது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் 23ஐ ஒட்டிய அரசு விடுமுறைகளுக்குப் பிறகு, அக்டோபர் 1இல் சீனாவின் விடுமுறை வாரம் தொடங்குவதற்கு முன்பு, ஒரு சின்னச் சந்து இருக்கிறது. அதில் நுழைய வேண்டும்.

அந்தச் சந்திலும் புயல் உண்டு. 2018 செப்டம்பர் 4இல் ஜெபி புயல் அடித்தபோது கடலுக்குள் செயற்கைத் தீவில் இருக்கும் கான்சாய் விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்தது. ஒரு கப்பல் கரையோடு இணைக்கும் பாலத்தில் மோதி, ஆயிரக்கணக்கானோர் இரவு முழுக்க அங்கேயே கிடந்தார்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவின் அறை மட்டுமாவது கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

•

நள்ளிரவில் இறங்கும் விமானம் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்றார் அவர். நள்ளிரவு தாண்டினால் விடியும்வரை ரயில் இல்லை. டாக்சி ஏறினால் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு. சின்ன விடுதிகள் இரவு பத்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். பகலில் இறங்குவதாக முடிவு.

•

தத்தமி அறை. பாய் விரித்த தரை; பகலில் ஒரு மேசை, இரவில் மெத்தைகளை அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாக விரித்தால் படுக்கை. குடும்பம் முழுக்க ஒரே அறையில், தரையில், பக்கத்தில் பக்கத்தில். ஜப்பான் முழுக்கத் தேடியதில் பழனி பழக்கத்துக்குக் கிட்டத்தில் வருவது இதுதான். காசு மட்டும் தலைக்கு.

மகன் குதிக்கிறான். அத்தை தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும்.

இதற்கும் அங்கே வழி இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு கட்டில், மறு பக்கம் தத்தமி என்று கலப்பு அறைகள் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கும் எனக்கும் கட்டில். அப்பனும் மகனும் கீழே.

•

வரி. ஒசாகாவில் தங்கும் வரி 2017இல் வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து ஓர் ஆளுக்கு ஓர் இரவு 5,000 யென்னைத் தொட்டால் 200 யென், 15,000க்கு 400, 20,000க்கு 500. உணவும் நுகர்வு வரியும் சேராத தொகையில் கணக்கு. இங்கேயும் தலைதான்.

நோட்டில் போட்ட கணக்கு, வார நாள் விலையில்:
இரட்டைக் கட்டில் அறை இரண்டு: 11,000 வீதம் 22,000. ஆளுக்கு 5,500, எனவே வரி 800. மொத்தம் 22,800.
கலப்பு அறை ஒன்று, நாலு பேர்: 19,200. ஆளுக்கு 4,800, வரி இல்லை.
100 யென் 55 முதல் 60 ரூபாய்க்குள் ஆடுகிறது. ஆக ஓர் இரவுக்கு மிச்சம் சுமார் இரண்டாயிரம் ரூபாய்.

இன்னொன்று: பள்ளிப் பிள்ளைகள் பெற்றோரோடு ஒரே கட்டிலில் படுத்தால் பல விடுதிகளில் காசில்லை. வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். கேட்காமல் விட்டால் நாலு தலைக்கும் பில் வரும்.

•

சாப்பாடு, சுருக்கமாக. இலவசக் காலை உணவில் சோறும் மிசோ சூப்பும் இருக்கும்; சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு. சைவக்காரர்களின் சோற்றுக்கு நம் பருப்புப் பொடி. கறிவேப்பிலைக் கொத்து, பழம் எதுவும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இறைச்சி கலந்தது அறவே கூடாது. அறையில் கெட்டில் உண்டு. அடுப்பு மூட்டினால் அலாரம் அடிக்கும்.

•

விசாவுக்கு நாள்வாரியாகப் பயணத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்: எந்தத் தேதி, எங்கே, எந்த விடுதி, தொலைபேசி எண். விசா வரும் முன்பே அறை போட்டாக வேண்டும் என்பதால் "பணம் திரும்பாது" என்ற மலிவு விலையைத் தொடக் கூடாது.

•

மிச்சம் பிடிக்கக் கூடாதவை:

கட்டடத்தின் வயது. 1981 ஜூனில் நிலநடுக்கக் கட்டட விதிகள் இறுகின. 1995 ஜனவரியில் கோபே அதிர்ந்தபோது பழைய விதிப்படி கட்டியவைதான் அதிகம் விழுந்தன. 1981க்குப் பிந்தைய கட்டடமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது வாசல். 2008 அக்டோபரில் நம்பா அருகே, இரவு தங்குவதற்குப் பலர் பயன்படுத்திய ஒரு வீடியோ அறைக் கடை எரிந்து 15 பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்நூறு யென் குறைவு என்பதற்காக ஜன்னல் இல்லாத இடம் வேண்டாம்.

லிஃப்ட். அங்கே தரைத்தளமே ஒன்றாம் மாடி. "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை" என்றால் இரண்டு மாடி ஏற வேண்டும். அத்தைக்கு அதுவும் கூடாது.

•

பட்டியலில் மேலே நிற்பது தென்னோஜி பக்கம் ஒரு கலப்பு அறை. இன்று இரவு மின்னஞ்சல் எழுத வேண்டும்: உயரமான நாற்காலி உண்டா, குளியலறை வாசற்படி எத்தனை சென்டிமீட்டர், பையனுக்குத் தனிக் காசா, எத்தனை நாள் முன்பு வரை ரத்து செய்யலாம். பதிலைப் பார்த்துத்தான் பணம் கட்டுவது.